அப்பாவின் இரண்டு கோட்டைகள்

ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஆயுளுக்குக் கேட்க வேண்டியதைவிட அதிகமாகவே அதைக் கேட்டுவிட்டேன். ஒரு ஆறு, ஆற்றங்கரையில் ஊர், ஊருக்கு நடுவில் ஒரு கோட்டை, ஊருக்குப் பின்னால் குன்றின்மேல் இன்னொரு கோட்டை. அவ்வளவுதான். அந்த ஊர் ஜனம் மொத்தத்தையும் கூட்டிவந்து நிறுத்தினால் எங்கள் ரெட்டியார்பாளையத்துக் கோயில் திருவிழாவில் ஒரு மூலைக்குக் காணாது. அந்த ஊரால்தான் என் கல்யாணம் வருஷக்கணக்கில் தள்ளிப்போனது.

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். தாத்தா மில்லில் நூல் பிரிவில் வேலை செய்தவர். அப்பாவும் அங்கேயே போயிருக்க வேண்டியவர். சங்கு ஊதுகிற சத்தத்துக்கு எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பட்டாளத்துக்குப் போனாராம். அங்கே மட்டும் ஊதாமலா இருந்திருப்பார்கள்! எங்கெங்கோ அனுப்பினார்கள். கடைசியில் சர்வீஸ் முடிகிற வரைக்கும் அந்த ஜெர்மன் ஊர். உலகச் சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் பிரெஞ்சுப் பட்டாளம் அங்கே தங்கியிருந்தது. அம்மாவும் நானும் புதுச்சேரியிலேயே இருந்தோம். எப்போதாவது லீவில் வருவார். வந்து, தூங்கி, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வந்து, மறுபடி கப்பலோ விமானமோ ஏறிவிடுவார். எனக்கு அப்பா என்றால் இரும்புப் பெட்டி வாசனை.

எழுபதுகளின் நடுவில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். மிக்சி வரும் என்று அம்மா காத்திருந்தாள். பெட்டியிலிருந்து வந்தது ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், நூற்றுக்கு மேல் ஸ்லைடுகள், நம் ஊர் வெயிலில் ஒருநாள்கூடப் போட முடியாத ஒரு கனத்த கோட்டு. “இதுல அரைக்க முடியுமா?” என்று அம்மா அந்தப் புரொஜெக்டரைத் தூக்கிப் பார்த்தாள். அப்பா அவள் கையிலிருந்து அதைக் குழந்தையை வாங்குவது மாதிரி வாங்கிக்கொண்டார். என்னை அவர் அப்படித் தூக்கிய ஞாபகம் எனக்கு இல்லை. சொல்லியே தீர வேண்டும் என்பதால் சொல்லிவிட்டேன், மேலே போகலாம்.

கூடத்து ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்துவார். சந்துகளில் பழைய துணியை அடைப்பார். சுவரில் ஆணியடித்து ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுவார். அந்த வேட்டிக்கு அம்மா சொட்டு நீலம் போடக்கூடாது, போட்டால் ஜெர்மன் வானத்தின் நிறம் கெட்டுவிடுமாம். மின்விசிறியும் ஓடக்கூடாது, கோட்டை ஆடும். சித்திரை மாதத்தில் அடைத்த கூடத்துக்குள் பத்துப் பேர் வியர்வையில் குளித்தபடி பனி விழுகிற குன்றைப் பார்ப்போம். “வுவாலா!” என்பார் அப்பா, இதோ பாருங்கள் என்று பிரெஞ்சில். வரலாறு ஆரம்பமாகும்.

அந்த வரலாற்றை இப்போது எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். முதலில் ஆறும் காடும்தான். ஒரு பிரபு வந்து குன்றின்மேல் கோட்டை கட்டினான், ஆற்றில் போகிற படகுகளை நிறுத்திச் சுங்கம் வாங்க. அது மேல்கோட்டை. அவனுக்கு இரண்டு மகன்கள். அவன் செத்ததும் இருவருக்கும் தகராறு. மேல்கோட்டை மூத்தவனுக்கு என்றாயிற்று. கோபித்துக்கொண்டு இறங்கிய இளையவன், அண்ணன் தினமும் காலையில் கண் விழித்தால் தன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று, நேர் கீழே இன்னொரு கோட்டையைக் கட்டினான். அது கீழ்க்கோட்டை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் மேலே பாதி வரியும் கீழே பாதி வரியும் கட்டினார்கள்.

“நம்மூரு பங்காளிச் சண்டைதான்,” என்றாள் அம்மா, முதல் தடவை கேட்டபோதே. “அவங்க கல்லுல கட்டிக்கினாங்க. நாம கோர்ட்ல கட்டுறோம்.”

அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அது ஐரோப்பிய வரலாறு. பங்காளிச் சண்டை இல்லை.

அப்புறம் மதில் வந்தது, மதிலில் நாலு வாசல் வந்தது, குன்றுச் சரிவில் திராட்சைத் தோட்டம் வந்தது. அப்புறம் பிரெஞ்சு ராஜாவின் படை வந்தது. இந்த இடத்தில் அப்பா நிமிர்ந்து உட்காருவார். “நாங்கதான் மேல்கோட்டைய எரிச்சோம்!”

“நீங்க எப்ப எரிச்சீங்க?” என்று அம்மா கேட்பாள்.

“நாங்கன்னா பிரான்சு.”

“அப்ப பென்ஷன் எரிச்சதுக்கா, காவல் காத்ததுக்கா?”

எரிந்த கோட்டையின் கல்லை ஊர்க்காரர்கள் வண்டி வண்டியாக இறக்கிக்கொண்டுபோய் வீடு கட்டிக்கொண்டார்களாம். அங்கே எந்த வீட்டுச் சுவரைத் தட்டினாலும் கோட்டைக் கல் ஒன்றாவது இருக்குமாம். எங்கள் வீட்டில் தளவரிசை போடாத பின்கட்டில் மழைநாளில் தண்ணீர் நிற்கும். அதற்குக் கல் போடச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கல்லின் வரலாறு மட்டும் கடைசிவரை தொடங்கவே இல்லை.

கடைசி ஸ்லைடு எப்போதும் ஒன்றுதான். கீழ்க்கோட்டையின் வாசல். இரண்டு ஆள் உயரத்துக்கு மரக்கதவு, அதற்கு மேல் கல்லில் செதுக்கிய சிங்கம். “இது வாசல்,” என்பார். ஒரு நிமிஷம் அப்படியே விடுவார். பிறகு விளக்கைப் போடச் சொல்வார். எங்களுக்கு உயிர் வரும். ஜன்னலைத் திறக்க ஓடுவோமே தவிர, ஏன் வாசலோடு நிற்கிறது என்று யார் கேட்கப் போகிறோம்?

முதல் மாதம் தெருவே திரண்டு வந்தது. அடுத்த மாதம் பாதியானது. அப்புறம் எங்கள் வீட்டுக்கு எதையாவது வாங்க வருகிறவர்கள்கூட வெளியில் நின்றே குரல் கொடுத்தார்கள். உள்ளே வந்தால் கோட்டையில் அடைபட்டுவிடுவோம் என்ற பயம். தெருவில் என்னைக் “கோட்டை வூட்டுப் பொண்ணு” என்றார்கள். நான் அப்போது ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வரை அந்தப் பெயர் வந்துவிட்டது.

தெரு வராமல் போனதும் அப்பாவுக்கு ஆள் தேவைப்பட்டது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. பெண் பார்க்க வருகிறவர்கள் எழுந்து ஓட முடியாது. காபி வரும், பஜ்ஜி வரும், பெண் வருவாள் என்று உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? அப்பாவுக்கு இதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்! அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே இவர் ஜன்னலைச் சாத்தத் தொடங்கிவிடுவார். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். கூடம் இருட்டாக இருக்கும். இருட்டில் எந்தப் பெண்ணை எவன் பார்ப்பான்?

ஆனாலும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். எங்களுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தது. சொல்தா வீட்டுப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளைக்கும் அது கிடைக்கும், பிரான்சுக்குப் போகலாம் என்று ஒரு ஆசை அப்போது ஊரெல்லாம். என் முகம் எப்படி, நான் என்ன படித்தேன் என்று கேட்காதவர்கள்கூட நேஷனாலிட்டி இருக்கிறதா என்று தரகரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களையே விரட்டி அடித்தது அப்பாவின் வரலாறு என்றால் அதன் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேஷனாலிட்டிக்காக வராதவர் ஒருவர் இருந்தார். பக்கத்துச் சாரம் பகுதிக்காரர். ஏதோ ஒரு ஆபீசில் வேலை, பிரான்சு போகிற எண்ணமெல்லாம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் பெற்றோர், பெரியப்பா எல்லாரோடும் வந்தார்கள். பிடித்துவிட்டால் அன்றைக்கே வெற்றிலைபாக்குத் தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. தட்டு தயாராக அம்மாவின் கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் மாற்றியாக வேண்டும்.

அப்பா ஜன்னலைச் சாத்தினார். ஆறு வந்தது, காடு வந்தது. மேல்கோட்டைக்கு இரண்டாவது கல் வைத்தபோது கரண்ட் போயிற்று. அப்பாடா என்று அம்மா என்னை அழைத்துப்போக வந்தாள். “இருங்க, வந்துரும், வந்துரும்,” என்று அப்பா அவர்களை இருட்டிலேயே பிடித்து உட்காரவைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை தண்ணீர் கேட்டு சமையலறை வாசலுக்கு வந்தார். நான் சொம்பை நீட்டினேன். நெற்றியெல்லாம் வியர்வை.

“இன்னும் எவ்ளோ நேரம் ஆவுங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“இன்னும் ரெண்டாவது கோட்டையே வரல. அப்புறந்தான் மொத கோட்டைய எரிப்பாங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. குடித்த சொம்பைக் கையில் கொடுக்கும்போது, “சீக்கிரம் எரிச்சிட்டா நல்லது,” என்றார். இவர் யாரோ வெளி ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கூடத்துக்கு என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று அன்றைக்குத்தான் நான் காத்துக்கொண்டு நின்றேன்.

கரண்ட் வந்தது. அப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை, தொடர்ச்சி போய்விட்டது என்று ஆற்றிலிருந்து மறுபடி தொடங்கினார். அம்மா இரண்டு தடவை கூடத்து வாசலில் வந்து நின்றாள். “நேரமாவுது,” என்றாள். “இதோ, எரிக்கப் போறோம்,” என்றார் அப்பா. மேல்கோட்டை எரிந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் புரொஜெக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். வேட்டியில் பாதி கோட்டை, பாதி அவர்.

“ராகுகாலம் பொறந்துடுச்சிங்க,” என்றார்.

ஆறு மணிவரை இருந்து தட்டு மாற்றலாமே என்று அம்மா கெஞ்சினாள். பெரியப்பாவுக்குக் கடலூர் பஸ் பிடிக்க வேண்டும். அவர் இல்லாமல் தட்டு மாற்ற அவர்கள் வழக்கம் இடம் கொடுக்காது. போதாததற்கு வந்த காரியத்தில் கரண்ட் போனது, நேரம் போனது, சுவரில் ஒரு வீடு வேறு எரிந்தது. சகுனம் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சாரம் ஒன்றும் சீமையில் இல்லை. சைக்கிளில் போகிற தூரம். ஆனால் சொல்லி அனுப்பவே இல்லை. அடுத்த தையில் அவருக்கு முத்தியால்பேட்டையில் பெண் எடுத்ததாகத் தரகர் வந்து சொன்னார்.

அன்றைக்கு நான் அப்பாவிடம் கத்தினேன். அதுவரை அவரிடம் நிமிர்ந்து பேசியதில்லை.

“அந்த ஊர் மதிலுக்கு எத்தன வாசல்னு தெரியும் இல்ல உங்களுக்கு? நான் எந்த ஸ்கூல்ல படிச்சேன்னு தெரியுமா?”

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“லிசேல தான?” என்றார்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடமான லிசேயில் நான் படிக்கவில்லை. அது தூரம், அழைத்துப்போக ஆள் இல்லை என்று அம்மா என்னைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டாள். எனக்குப் பிரெஞ்சில் பத்து வார்த்தை வராது. நேஷனாலிட்டி மட்டும்தான் பிரெஞ்சு. இது ஊருக்கே தெரியும். இளையவன் கீழ்க்கோட்டையை எதற்குக் கட்டினான் என்று அவன் மனதுக்குள் புகுந்து பார்த்தவருக்கு இது தெரியவில்லை.

“இனிமே யாராச்சும் வந்தா அந்த மெஷின எடுக்கக் கூடாது,” என்றேன். அப்பா புரொஜெக்டரைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தார். அதற்கப்புறம் வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடினார். காபி கொடுத்தால் வெளியாளுக்கு நன்றி சொல்வதுபோல “மெர்சி” என்பார். வேறு பேச்சில்லை. நான் கேட்டதைத்தான் செய்தார், ஆனால் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். இவரை என்னதான் செய்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்து வந்தவர்கள் காலாப்பட்டுப் பக்கம். மாப்பிள்ளை நல்ல உயரம், நல்ல சட்டை. உட்காருவதற்கு முன்பே அப்பாவை “மாமா” என்றார். ஜன்னல்கள் திறந்திருந்தன, மின்விசிறி ஓடியது, என்னைக் கூப்பிட்டார்கள், வெளிச்சத்தில் போய் நமஸ்காரம் செய்தேன். எல்லாம் ஊர் உலகத்தில் நடப்பது போல நடந்தது. அப்பா மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, “பேப்பர்லாம் கொன்சுலாவுல பதிஞ்சி இருக்கு இல்ல?” என்று பிரெஞ்சுத் தூதரகப் பதிவைக் கேட்டாள். இருக்கிறது என்றாள் அம்மா. அவ்வளவுதான், பெண் பிடித்துவிட்டது.

தரகர் மாப்பிள்ளைக்கு ஏதோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். “மாமா, ஜெர்மன் கோட்டையெல்லாம் காட்டுவீங்களாமே! எங்களுக்குக் காட்ட மாட்டீங்களா?” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்த வயதில் ஒரு மனுஷன் மகளைப் பார்த்து உத்தரவு கேட்கிற பார்வை. நான் தலையை அசைத்துத் தொலைத்தேன். அலமாரி மேலிருந்து அதை இறக்க அவர் போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுபடி ஆறு, காடு, பிரபு. மாப்பிள்ளை ஒவ்வொரு ஸ்லைடுக்கும் “ஆகா” என்றார், “ஓகோ” என்றார். அப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கீழ்க்கோட்டையின் மரக்கதவு வந்தது. “இது வாசல்,” என்றார் அப்பா.

“உள்ள எப்டி இருக்கும் மாமா?” என்றார் மாப்பிள்ளை.

அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எல்லாருக்கும் அந்த இடத்தில் ஜன்னலைத் திறக்கிற அவசரம். அப்பா புரொஜெக்டரின் கண்ணாடியைத் துடைத்தார். அப்போதுதான் எனக்குள் அந்த ஸ்லைடுகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கீழ்க்கோட்டை பனியில், வெயிலில், மழையில். எல்லாமே வெளியிலிருந்து. எல்லாமே ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து. மேல்கோட்டைக்குக் கூரை இல்லை, அதற்கு உள்ளும் வெளியும் ஒன்றுதான். கூரையுள்ள கோட்டையின் உள்ளே எடுத்த ஸ்லைடு ஒன்றுகூட இல்லை.

“உள்ள ஆபீசருங்க இருந்தாங்க,” என்றார் அப்பா. “எனக்கு டியூட்டி வாசல்ல.”

“அப்ப இந்தக் கதையெல்லாம்?” என்றார் மாப்பிள்ளை.

“ஆபீசருங்களோட விருந்தாளிங்களுக்கு ஊர் சுத்திக் காட்றவன் ஒருத்தன் வருவான், பிரெஞ்சுல பேசுவான். வாசல்ல நிக்கவெச்சித்தான் எல்லாருக்கும் சொல்லுவான். சொல்லி முடிச்சி உள்ள கூட்டிம்போவான்.”

“அத்தன வருசமும் வாசல்லியேவா?” என்று மாப்பிள்ளை சிரித்தார். அவர் அம்மாவும் சிரித்தாள், கூடவந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தரகரும் சிரித்தார். “கோட்டை கோட்டைன்னீங்க, கடைசில கூர்க்கா வேலையா மாமா!”

அப்பாவும் சிரிக்க முயற்சி செய்தார். வேட்டியில் இன்னும் அந்தக் கதவு இருந்தது. அந்த ஊரை, அந்தக் கோட்டைகளை, அந்த மெஷினை என்னைப்போல வெறுத்தவர்கள் யாரும் இருக்க முடியாது. ஆனால் வெறுக்கிற உரிமை எனக்குத்தான் உண்டு. நேற்று வந்த உயரமான சட்டைக்கு ஏது?

அவர்கள் தட்டை எடுத்தார்கள். “எனக்கு வேணாம்மா,” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. அவர்கள் வண்டியேறுகிறவரைக்கும் தரகர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா அன்று என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “நல்ல எடம். கெடுத்துட்ட. பையன் எவ்ளோ ஆர்வமா கேட்டான்!” பின்கட்டுக்குப் போய், தண்ணீர் நிற்கிற அந்தத் தரையில் பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தேன்.

கடைசியில் வந்தவர்தான் என் கணவர். பிரான்சில் கார் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் இதே புதுச்சேரி. மெட்ராஸில் விமானம் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டில் குளித்துவிட்டு நேராகப் பெண் பார்க்க வந்திருந்தார். ஏற்கெனவே நேஷனாலிட்டி இருந்ததால் எங்களுடையது அவருக்குத் தேவையில்லை. மெஷின் மறுபடி இறங்கியது, இந்தத் தடவை நான் தடுக்கவில்லை. ஜன்னல் சாத்தி இருட்டானதும், பிரபு முதல் கல்லை வைப்பதற்குள் தூங்கிவிட்டார். லேசான தூக்கம் இல்லை, குறட்டை. பிரெஞ்சு ராஜாவின் படை வந்து எரித்தபோதுகூட எழவில்லை. அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. விளக்கு போட்டதும் அவர் திடுக்கிட்டு விழித்து, “மன்னிச்சிடுங்க, தூங்கிட்டேன்,” என்றார். ஆகா ஓகோ என்கிற பொய் அவரிடம் இல்லை. இவர் போதும் என்று நான் முடிவு செய்தேன். ராகுகாலம் வருவதற்குள் அம்மா தட்டை மாற்றிவிட்டாள். அந்தத் தடவை அவள் அப்பாவுக்குத் தெரியாமல் கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்திருந்தாள்.

பிரான்சுக்குப் போய் இரண்டாவது கோடையில், எனக்கே காரணம் புரியாமல், அந்த ஊருக்குப் போக வேண்டும் என்றேன். கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரயிலுக்குச் சீட்டு வாங்கினார். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எனக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆறு இருந்த இடத்தில் ஆறு இருந்தது. மதில் வாசல் நாலில் இரண்டுதான் மிச்சம், அதையும் அப்பா சொல்லியிருந்தார். ஒரு வீட்டுச் சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

கீழ்க்கோட்டையிலிருந்து பட்டாளம் போய்விட்டிருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அந்த மரக்கதவைத் தாண்டிக் காலை வைத்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவுதானா! நீளமாக ஒரு கூடம், மெழுகு போட்ட தரை, நாலு நாற்காலி, மூக்குடைந்த ஒரு பிரபுவின் சிலை. இதற்காகவா அந்தச் சாரத்துக்காரர், என் சித்திரை மாதங்கள்? சுற்றிக் காட்டுகிறவன் பிரெஞ்சில் சொன்னதை என் கணவர் தமிழில் சொல்லத் தொடங்கினார். வேண்டாம், எனக்குத் தெரியும் என்றேன்.

மாடியில் ஒரு ஜன்னல் இருந்தது. எட்டிப் பார்த்தால் நேர் கீழே வாசலின் வெளிப்பக்கம். கதவுக்கு எதிரே, பாதையைத் தாண்டி மதிலோரமாக ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கல் பதித்த இடம். அப்பாவின் கீழ்க்கோட்டை ஸ்லைடுகள் எல்லாம் எடுக்கப்பட்ட இடம் அது. அங்கே யாரோ ஒரு சைக்கிளைச் சாய்த்திருந்தார்கள். கணவரின் கேமராவை வாங்கி ஒரு படம் எடுத்தேன். எனக்குப் படமெடுக்கத் தெரியாது. ஊரே ஒருபக்கம் சாய்ந்து விழுந்திருந்தது. அதை ஸ்லைடாகப் போட்டு, ஊருக்குப் போகிற ஒருவரிடம் அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

வந்து சேர்ந்தது என்று அம்மாதான் எழுதினாள். அப்பா எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டு எழுதினேன். படம் கோணலாக இருக்கிறது என்றாராம்.

அடுத்த லீவுக்கு வந்தபோது எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்தார்கள், கூடப்பாக்கம் பக்கத்துக் குடும்பம். எங்கள் வீட்டின் சங்கதி தெரியாமல் காபிக்கு வந்து மாட்டிக்கொண்டார்கள். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. நான் சமையலறை வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டேன். ஆறு, காடு, அண்ணன் தம்பி, தீ. மரக்கதவு வந்தது. “இது வாசல்,” என்றார் அப்பா. விளக்கைப் போட நான் கையைக் கொண்டுபோனேன். அவர் நிறுத்தவில்லை, அடுத்த ஸ்லைடைத் தள்ளினார்.

“இது உள்ள, மாடி ஜன்னல்லேர்ந்து நான் எடுத்தது,” என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் எடுத்தது! அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“அதோ, சைக்கிள் சாச்சி வெச்சிருக்கு பாருங்க. அந்த எடத்துல ஒரு சொல்தா எப்பவும் நிப்பான். பனியானாலும் மழையானாலும் நிப்பான். நம்ம புதுச்சேரிக்காரன்தான்.”

“உங்களுக்குத் தெரிஞ்சவரா ஐயா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

அப்பா அந்தச் சாய்ந்த படத்தைப் பார்த்தார்.

“பாத்திருக்கேன்,” என்றார். “பேசனதில்ல.”